மனிதன், ஆடு, பன்றி

கூலிங் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் பழுது பார்ப்பவன் என்பதால் வந்த பெயர் அது. குணத்தைப் பார்த்து வைத்ததல்ல. கோபம் அவனுக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவான். அந்த அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. அத்தான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். குழந்தை குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் போனில்தான் பார்த்தார். ஆகவே காய்ச்சலானாலும் தடுப்பூசியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுவது தாய்மாமன்தான்.

குழந்தைக்குப் பால் ஆகாது. பசும்பால் ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு தடித்து, உடம்பு திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும். தாய்ப்பால் நின்றுபோன பிறகு குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டரம்மா ஒரு மாவை எழுதிக் கொடுத்தார். அதுவும் பாலிலிருந்து செய்வதுதான். ஆனால் பாலில் இருக்கும் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துவிடுவார்களாம்.

"உடம்பு மாட்டைப் பார்த்தா சண்டைக்குப் போகும். மாட்டைத் தூள் தூளாக்கிட்டா, வந்தது மாடுன்னே அதுக்குத் தெரியாது" என்று டாக்டரம்மா விளக்கினார்.

குழந்தை தேறியது. கன்னம் வைத்தது. மாமனைக் கண்டால் கையைத் தட்டியது. பிறகு ஒரு காலையில் அக்கா புது டப்பா ஒன்றைத் திறந்தாள். பாதி புட்டி காலியாவதற்குள் குழந்தையின் உதடு வீங்கிவிட்டது. மூச்சு இழுத்த சத்தம் அடுத்த அறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த கூலிங்குக்குக் கேட்டது. ஒற்றை ஷூவோடு ஓடினான்.

பிழைத்துக்கொண்டது. ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, கட்டிலில் கிடத்திய பிறகு டாக்டரம்மா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சரக்கை ஒழுங்கா உடைக்கல போலிருக்கு. பெரிய துண்டு தங்கியிருக்கணும். இல்லேன்னா இப்படி ஆகாது."

"அப்போ வார்டுல இருக்கிற மத்த டப்பாவெல்லாம்?" என்று கேட்டான் கூலிங்.

டாக்டரம்மா அலமாரியைப் பார்த்தார். அதே நீல மூடி, அதே எண், வரிசை வரிசையாக.

"எடுத்துடுங்க டாக்டர்!"

"எடுக்க எனக்கு அதிகாரமில்ல. சந்தேகமா இருக்குன்னு எழுதினா, சந்தேகம் டாக்டருக்குத்தான், மாவுக்கு இல்லேன்னு மேலேர்ந்து திருப்பி அனுப்புவாங்க. போன தடவை அப்படித்தான் அனுப்பினாங்க. புரத அடையாள நிலையத்துலேர்ந்து அறிக்கை வந்தா மட்டும்தான் ஸ்டோர்ல அசைவாங்க."

பக்கத்துக் கட்டிலில் ஒரு தாய் அதே நீல மூடியைத் திறந்து மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகனுக்கும் அதே மாவைத்தான் எழுதியிருந்தார்கள்; ஏன் என்று அவளுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை. மகனுக்கு வாய் நிறையச் சிரிப்பு. அக்கா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். "இதைக் குடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க. என் தம்பி போயிருக்கான், கேட்டுட்டு வந்துடுவான்" என்றாள். கூலிங் அப்போது வாசலைக்கூடத் தாண்டவில்லை. அதைக் கேட்டதும் நடையை எட்டிப் போட்டான்.

*

புரத அடையாள நிலையம் வெள்ளைக் கட்டிடம். நுழைவாயிலுக்கு மேலே "சிறியதும் தப்பாது" என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தது. எழுத்துகள் மிகப் பெரியவை. உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிலையத்தின் முதல் தராசு, மலர்வளையத்தோடு இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆய்வுக்கூடம். அங்கே ஏ.சி.யை எவ்வளவுக்கு வைத்திருந்தார்கள் என்றால், வேலை செய்தவர்கள் எல்லோரும் வெள்ளைக் கோட்டுக்குள் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மெஷினுக்கு வேர்க்கக் கூடாதாம்.

சாம்பிள் வாங்கும் ஜன்னலில் இருந்த அம்மா டப்பாவைத் தொடவில்லை. "முழுசா, உடைஞ்சதா?" என்றாள்.

"டப்பாவா? டப்பா நல்லாத்தான் இருக்கு."

"புரதம் சார்."

"உடைஞ்சது. ஆனா சரியா உடையல. அதைத்தான் பார்க்கணும்."

"உடைஞ்சதை வாங்கறதில்ல. முழுசா கொண்டாங்க. நாங்க உடைச்சுக்கறோம்."

கூலிங் தனக்குத்தான் காது சரியில்லையோ என்று மறுபடி கேட்டான். அவள் மறுபடியும் அதையே, அதே தொனியில், சலிப்பில்லாமல் சொன்னாள். அவன் குரல் உயர்ந்தது. குழந்தை, மூச்சு, வார்டு என்று கத்தினான். அந்தச் சத்தத்துக்குப் பிரிவுத் தலைவரே இறங்கி வந்துவிட்டார். வழுவழுப்பான மனிதர், பேசும்போது இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக்கொண்டே இருப்பார்.

"தம்பி, உட்காருங்க. புரதம்னா என்ன? நீளமா ஒரு மணிமாலை. அதை நாங்க ஒரு நொதியை வெச்சு வெட்டறோம். எங்க கத்தரின்னு வெச்சுக்கங்க. அது கண்ட இடத்துல வெட்டாது. ரெண்டே ரெண்டு விதமான மணிக்கு அடுத்தாப்லதான் வெட்டும். அவ்வளவு ஒழுக்கம்! வெட்டின துண்டை மெஷின் எடை போடும். அதை மறுபடி நொறுக்கி, நொறுங்கினதையும் எடை போடும். அந்த எடையெல்லாம் எங்க நூலகத்துல எதோட பொருந்துதுன்னு பார்த்து, இது இன்னாருதுன்னு சொல்லிடுவோம்."

"ரொம்ப நல்லது சார். அதைத்தான் செய்யச் சொல்றேன்."

"ஆனா உங்க மாவுல இருக்கிற துண்டை யார் வெட்டினது? கம்பெனிக்காரன். அவன் கத்தரி வேற. இஷ்டத்துக்கு வெட்டியிருப்பான். அந்தத் துண்டோட முனையைப் பார்த்தா எங்க நூலகத்துக்கு அடையாளம் தெரியாது. எங்க கத்தரி வெட்டாத துண்டை நாங்க துண்டுன்னே ஒத்துக்கறதில்ல. இது பிடிவாதம் இல்ல தம்பி, தரம்."

"அப்போ இந்த மாதிரி மாவை யார்தான் சோதிக்கறது?"

"நாங்கதான். எங்களைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது."

கூலிங் டப்பாவை மறுபடி ஜன்னலுக்குள் நீட்டினான். பிரிவுத் தலைவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "முழுசுன்னு போட்டு வாங்கிக்கம்மா. பாவம், குழந்தை விஷயம்" என்றார். அப்படியாகப் பொடிப்பொடியாக உடைத்ததால்தான் மாவாகவே ஆன அந்த மாவு, உடையாத மாவாகப் பதிவாகி உள்ளே போயிற்று. கூலிங் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தான். வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தான்.

*

அறிக்கை வந்தது. அதன் ஒரு பிரதி நேராக மருத்துவமனைக்கே போய்விட்டது. கூலிங்கை மட்டும் நிலையத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள்.

பிரிவுத் தலைவர் இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. விரல்களும் ஆடவில்லை.

"மாவுல மூணு இனம் ஐயத்துக்கு இடமில்லாம அடையாளம் காணப்பட்டிருக்கு" என்றார். "மனிதன். ஆடு. பன்றி."

"மனிதனா?"

"தோல்ல இருக்கிற புரதம். பொருந்தின மதிப்பெண் ரொம்ப உயர்வு. உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"எல்லாரும்?"

"அத்தான் கப்பல்ல இருக்காரு."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

கூலிங்குக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், அங்கேயே அத்தானுக்குப் போன் போட்டான். அத்தான் எண்ணெய்க் கறையோடு திரையில் வந்து, "என்னடா, பாப்பா எப்படி இருக்கா?" என்றார். பிரிவுத் தலைவர் குனிந்து திரையை உற்றுப் பார்த்து, "முழுசாத்தான் இருக்காரு" என்று குறித்துக்கொண்டார்.

"மாடு சார்? பால் மாவுல மாடு?"

"மாடு இல்லை."

"பால்ல செஞ்ச மாவு சார்! டப்பா மேலயே மாடு படம் போட்டிருக்கான்!"

"படத்தை நாங்க சோதிக்கறதில்ல."

அவன் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தபோது, ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். தடித்த கண்ணாடி, கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். அவன் மாவைச் சோதித்த ஆய்வாளர் அவள்தான்.

"அண்ணா, அந்த மனுஷன் நான்தான்" என்றாள்.

அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"என் கைத் தோல். எல்லார் கையிலேர்ந்தும் உதிரும், காத்துல பறக்கும், குப்பியில விழும். எல்லா லேப்லயும் நடக்கறதுதான். ஆடு, இந்த ஸ்வெட்டர். பன்றி எங்க கத்தரியே. அந்த நொதியைப் பன்றியிலேர்ந்துதான் எடுக்கறாங்க. எங்க வேலை செய்யறப்போ அது தன்னையும் வெட்டிக்கும்."

"அதைச் சொல்றதுதானேம்மா!"

"மத்த இடத்துல இதுக்குன்னு தனியா ஒரு பட்டியல் வெச்சு, இதெல்லாம் நம்ம அழுக்குன்னு கழிச்சுடுவாங்க. இங்கயும் இருந்துச்சு. நிலையத்துல அழுக்கே கிடையாதுன்னு பழைய இயக்குநர் ஒரு கூட்டத்துல பேசிட்டாரு. அழுக்கில்லாத இடத்துல அழுக்குப் பட்டியல் எதுக்குன்னு எடுத்துட்டாங்க."

"மாடு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மெஷின் பார்த்துச்சு அண்ணா. கொத்துக் கொத்தாப் பார்த்துச்சு. அதெல்லாம் இனம் தெரியாதவைங்கற குவியல்ல கிடக்கு. முனை எப்படி இருந்தாலும் பரவாயில்ல, தேடுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு கட்டத்துல டிக் அடிச்சா போதும். மாடு எழுந்து வந்து நிக்கும். ஆனா அந்த டிக்கை அடிக்க முறைமைக் குழு சம்மதிக்கணும்."

"சம்மதிக்க வேண்டியதுதானே? என்ன கெட்டுப்போச்சு?"

"இதே மாவை முழுசுன்னு போட்டு வாங்கி, இதுவரைக்கும் எத்தனையோ தடவை மாடு இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கோம்" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்தும் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. அழுதுகொண்டே சொன்னாள். அறிக்கை காலையிலேயே வார்டுக்கு வந்துவிட்டதாம். பசுப்புரதம் இல்லை என்று நர்ஸ் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாளாம். பக்கத்துக் கட்டில்காரி இத்தனை நாளும் சர்க்கரைத் தண்ணீரும் குழாயில் ஏறும் கரைசலுமாக மகனை வைத்திருந்தவள், அக்காவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நீல மூடியைத் திறந்தாளாம்.

"நான் தடுத்தேன்டா. 'உங்க தம்பி போய்க் கேட்டு வந்ததைத்தானே படிக்கறாங்க'ன்னு சொன்னா. நான் என்னடா சொல்றது?"

பையனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

*

கூலிங் அன்று நிலையத்தை விட்டு நகரவில்லை. இயக்குநரின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டான். காவலாளி தூக்கிப் பார்த்தான், அசையவில்லை. வெளிநாட்டு விருந்தினர்கள் தராசைப் பார்க்க வரும் நேரம் என்பதால், அவனை வாசலில் வைத்திருப்பதைவிட உள்ளே கூப்பிடுவது மேல் என்று முடிவாயிற்று. முறைமைக் குழு அவசரமாகக் கூடியது. நீள மேஜை, ஒவ்வொருவர் முன்னும் ஒரு பிளாஸ்க், கடைக்கோடியில் கண்ணாடிக்காரப் பெண் கணினியோடு நின்றாள். எதிரே சுவரில் பெரிய திரை.

இயக்குநர் பேச எழுந்தார். இருமினார்.

"இந்த நிலையம் இதுவரை ஒரு தப்பான அறிக்கைகூடக் கொடுத்ததில்லை. எப்படி? எங்களுக்குத் தெரியாததை நாங்கள் காண்பதே இல்லை. பார்க்கிறதையெல்லாம் எழுதுவது சுலபம். யார் வேண்டுமானாலும் செய்வார்கள். எழுத அனுமதி உள்ளதை மட்டும் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறியது என்கிறார்கள். வருந்துகிறேன். ஆனால் குழந்தை ஓர் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல."

சிலர் தலையை ஆட்டினார்கள். ஒருவர் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டார்.

"இப்ப ரெண்டு குழந்தை சார்" என்றான் கூலிங். கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. "ஒண்ணு எங்களுது. இன்னொண்ணு, உங்க பேப்பரைப் படிச்சுக் காட்டினாங்கன்னு குடுத்தது. அந்த ஒரு டிக்கைப் போட்டுப் பாருங்க சார். மாடு வரலேன்னா நான் எழுந்து போயிடறேன்."

"அதற்கென்று ஒரு நடைமுறை..." என்று பிரிவுத் தலைவர் ஆரம்பித்தார்.

அவர் வாக்கியம் முடிவதற்குள் கண்ணாடிக்காரப் பெண் டிக் அடித்துவிட்டாள்.

வேண்டுமென்று செய்தாளா, கை தவறியதா என்று பிறகு ஒரு விசாரணை நடந்தது. எப்படியோ திரை அசைந்தது. குவியலில் கிடந்த துண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரிசைக்கு வந்தன. மாடு. மாடு. மாடு. பாலில் உள்ள புரதம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வந்து நின்றது. அவற்றில் பெரிய பெரிய துண்டுகள் இருந்தன. மனிதனும் ஆடும் பன்றியும் கீழே, மிகக் கீழே போய்விட்டன. கூலிங்குக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு மாட்டைப் பார்த்து அவன் அதற்கு முன் அழுததில்லை.

இயக்குநர் மெல்லக் கேட்டார். "இன்னைக்குக் காலையில நீங்க டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன் சார்."

"எங்க?"

"இங்கதான். உங்க கேன்டீன்ல."

"பால் போட்டா?"

கூலிங் தலையாட்டினான். சாம்பிள் கொடுத்த அன்று டீ குடித்தானா என்று அவர் கேட்கவில்லை. குழுவுக்கு அது தேவைப்படவில்லை. இயக்குநர் மேஜையின் இரு பக்கமும் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. நிலையத்தில் அழுக்கு கிடையாது. ஆகவே வந்த அழுக்கு வெளியிலிருந்து வந்தது. மனுதாரர் மாட்டைத் தன்னோடு உள்ளே கொண்டுவந்திருக்கிறார். திரையில் தெரிவது அசுத்தம். அங்கீகரிக்கப்பட்ட முடிவு அப்படியே நிற்கிறது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இனிமேல் சாம்பிள் கொண்டுவருபவர்கள் பால் கலந்த எதையும் குடிக்கக் கூடாது என்று துணைத் தீர்மானமும் நிறைவேறியது. பிறகு எல்லோருக்கும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்கள். கூலிங்குக்கு மட்டும் ஊற்றவில்லை. கண்ணாடிக்காரப் பெண்ணைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கை கூப்பினான். அதைத் தவிர அவளுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை.

*

மருத்துவமனைக்கு வந்து டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். இதுவரை எல்லோரும் மாடு இல்லை என்ற வரியை மட்டுமே படித்திருந்தார்கள். அதற்கு மேலே இருந்த வரியை யாரும் பொருட்படுத்தவில்லை.

"மாவுல மனிதத் தோல் இருக்குன்னு நிலையமே எழுதியிருக்கா?" என்றார்.

"அது அந்தப் பொண்ணோட தோல் டாக்டர். தப்பா எழுதியிருக்காங்க."

"தெரியும்." அவர் எழுந்துவிட்டார். "ஆனா எழுதியிருக்காங்கள்ல?"

ஸ்டோருக்குப் போன் போட்டார். மனிதத் தோல், ஆட்டு ரோமம், பன்றி என்று ஒவ்வொன்றாக, அழுத்தமாகப் படித்தார். மறுமுனையில் இதுவரை அசையாத குரல் அலறிற்று. சற்று நேரத்தில் ஆட்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டியோடு வந்து, நீல மூடி ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். அலமாரி காலியாயிற்று. அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் காலி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூலிங் வெளியே நடந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே, பெஞ்சில் பக்கத்துக் கட்டில்காரி உட்கார்ந்திருந்தாள். மகனின் சட்டை அவள் மடியில் மடித்து இருந்தது. வண்டி போவதை அவளும் பார்த்திருந்தாள். ஆட்கள் பேசிக்கொண்டு போனதையும் கேட்டிருந்தாள்.

"தம்பி, படிச்சவங்க கண்டுபிடிச்சுட்டாங்களாமே" என்றாள். "என் புள்ளைக்கு எதுப்பா ஒத்துக்கல? ஆடா, பன்றியா?"

"மாடுதான்க்கா."

"அது இல்லேன்னு எழுதியிருக்கே. நர்ஸம்மா படிச்சாங்களே." அவள் சட்டையை நீவிவிட்டாள். "உள்ளேர்ந்து வரட்டும். இனிமே இந்த டப்பா மாவே வேணாம். நல்ல பசும்பாலா வாங்கி, காய்ச்சிக் குடுத்துடறேன். என்னப்பா?"

கூலிங்குக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கத்தரியிலிருந்தா, ஸ்வெட்டரிலிருந்தா, டீயிலிருந்தா? எப்படிச் சொன்னாலும் இவளிடம் இருப்பது முத்திரை குத்திய காகிதம். இவனிடம் இருப்பது வாய்.

"அக்கா" என்றான். "என் பேச்சை நம்புறீங்களோ இல்லையோ, முழுசாக் கேட்டுடுங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். கண்ணில் சந்தேகம் இருந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான்.